சரண்ஜித் சிங்: பத்து ராகமும் ஒரு டிஸ்கோ தாளமும்

1982ஆம் வருடம். எங்கே பார்த்தாலும் டிஸ்கோ. 1980இல் 'குர்பானி' படம் ஆரம்பித்து வைத்த ஜுரம், 1981இல் நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' தட்டில் ஏறி, 1982 டிசம்பரில் 'டிஸ்கோ டான்ஸர்' படத்தில் உச்சத்துக்குப் போனது. மிதுன் சக்ரவர்த்தி இடுப்பை ஆட்டியதில் ரஷ்யாக்காரர்கள்கூட மயங்கிப் போனது தனிக்கதை.

அதே 1982இல் இன்னொரு டிஸ்கோ தட்டும் வந்தது. வெளியிட்டது கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா (நாய் உட்கார்ந்து கேட்குமே, அதே எச்.எம்.வி.தான்). தட்டின் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். உள்ளே பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது, நடிகர் படம் கிடையாது. பத்து ஹிந்துஸ்தானி ராகம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். பத்துக்கும் பின்னால் 'டம் டம் டம் டம்' என்று ஒரு மெஷின் தாளம். அவ்வளவுதான்.

தட்டு ஓடவில்லை. சாஸ்திரீய சங்கீதம் கேட்பவர் கடைக்குப் போனால் 'டிஸ்கோ' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். டிஸ்கோ கேட்பவர் 'ராகா' என்பதைப் பார்த்துவிட்டு ஓடியே போய்விடுவார். யாருக்காகப் போட்டார்கள் என்றே புரியாத சரக்கு. மார்க்கெட்டிங் வகுப்பில் 'வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளாமல் பொருளை இறக்கினால் என்ன ஆகும்' என்ற பாடத்துக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

அப்புறம் இருபது வருடம் அந்தத் தட்டைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

யார் இந்த சிங்?

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா உலகத்தில் வாத்தியம் வாசித்துச் சம்பாதித்தவர். கிடார், பேஸ் கிடார், ஹவாயன் கிடார், டிரான்ஸிகார்ட், சிந்தசைசர் என்று எது கொடுத்தாலும் வாசிப்பார். ஆர்.டி. பர்மன், சங்கர் - ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் என்று பெரிய ஆட்களிடமெல்லாம் வேலை பார்த்திருக்கிறார். 1971இல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தில் ஆஷா போன்ஸ்லே பாடிய அந்த ஹிப்பி பாட்டு நினைவிருக்கிறதா? அதில் பின்னால் மயக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸிகார்ட் அவர் கைவண்ணம்.

பாட்டு தெரியும், பாடியவர் தெரியும், இசையமைத்தவர் தெரியும், நடித்த ஜீனத் அமனைத் தெரியும். டிரான்ஸிகார்ட் வாசித்தவர் யார்? அந்தக் காலத்து சினிமா டைட்டிலில் அந்தப் பெயருக்கு இடம் கிடையாது. காலையில் ஸ்டுடியோ, நோட்டைப் பார்த்து வாசி, கூலியை வாங்கு, அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடு. பம்பாயிலும் சரி, கோடம்பாக்கத்திலும் சரி, நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஸ்டுடியோ இல்லாத நாளில் சிங் தன் குழுவோடு கல்யாணத்திலும் விருந்திலும் வாசித்தார். சினிமாப் பாட்டு மெட்டுகளை வாத்தியத்தில் வாசித்துச் சில தட்டுகளும் போட்டார். அவையெல்லாம் அடுத்தவர் மெட்டு.

1982 தட்டு மட்டும் வேறு. அது அவராக யோசித்தது. எல்லாரும் டிஸ்கோ டிஸ்கோ என்கிறார்களே, அதே டிஸ்கோவை வைத்துக்கொண்டு தபலாவை நிறுத்திவிட்டு ராகம் வாசித்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். இவ்வளவு எளிமையான யோசனைதான். சங்கீதப் புரட்சி, இணைவு இசை என்ற பெரிய வார்த்தையெல்லாம் இல்லை.

மூன்று ஜப்பான் மெஷின்கள்

சிங்கிடம் அப்போது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த மூன்று கருவிகள் இருந்தன. சிங்கப்பூர் போனபோது வாங்கி வந்தவை. ஒன்று டிஆர்-808, தாளம் போடும் மெஷின். இரண்டாவது டிபி-303, பேஸ் வாசிக்கும் சின்ன வெள்ளிப் பெட்டி. மூன்றாவது ஜூபிடர்-8, பெரிய சிந்தசைசர்.

இதில் டிபி-303 கதை சுவாரசியமானது. தனியாக கிடார் பழகுபவருக்கு பேஸ் கிடார்காரர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் ரோலண்ட் அதைச் செய்தது. ஆனால் அதில் வந்த சத்தம் பேஸ் கிடார் மாதிரியே இல்லை! ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தது மாதிரி ஒரு சத்தம். அதில் ஒரு மெட்டைப் பதிவு செய்வதோ பெரும் தலைவலி. சுமார் 10,000 பெட்டி செய்துவிட்டு 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போனது. இன்றைக்கு நல்ல நிலையில் ஒரு 303 வாங்க வேண்டுமானால் லட்சங்களில் எடுத்து வைக்க வேண்டும்.

ஆக தட்டும் தோற்றது, தட்டில் வாசித்த மெஷினும் தோற்றது. இரண்டுக்கும் மவுசு பின்னால் வந்தது. ஒரு பொருளுக்குச் சந்தை இன்று சொல்லும் விலைதான் அதன் மதிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

சரி, ராகம் வாசிக்க இந்த மெஷின் எப்படித் தோதுப்பட்டது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் சங்கீதத்துக்கு உயிர், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது. ஹிந்துஸ்தானியில் மீண்ட் என்பார்கள். நம் பக்கம் கமகத்தில் ஜாரு என்பது கிட்டத்தட்ட அதே. கட்டை வைத்த வாத்தியத்தில் இது வராது. கட்டையை அழுத்தினால் 'ச', அடுத்ததை அழுத்தினால் 'ரி', நடுவில் ஒன்றும் இல்லை. இந்தக் குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடை தளர முப்பது வருடம் ஆனது.

ஜூபிடர்-8 கட்டை வைத்த வாத்தியம்தான். ஆனால் அதில் போர்ட்டமெண்டோ என்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். 303இலும் ஸ்லைடு என்று ஒன்று உண்டு, அதே வேலை. ஹார்மோனியத்தால் முடியாததை மின்சாரப் பெட்டி செய்கிறது! சிங் இதைப் பிடித்துக்கொண்டார். மேலே ஜூபிடரில் ராகம் வழுக்கிக்கொண்டு போக, கீழே 303 ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. தம்புரா இருக்க வேண்டிய இடத்தில் 303, தபலா இருக்க வேண்டிய இடத்தில் 808.

திடீர்ப் புகழ்

எடோ பௌமன் என்று ஹாலந்துக்காரர் ஒருவர். பழைய இந்தி சினிமாத் தட்டுகளைத் தேடி இந்தியாவுக்கு வந்து போகிறவர். 2002இல் டெல்லியில் ஒரு கடையில் இந்தத் தட்டு அவர் கையில் அகப்பட்டது. வாங்கிப் போய்க் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் இதுதான். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஃப்யூச்சர் என்ற குழு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 303ஐ வைத்துக்கொண்டு, அதன் திருகுகளைத் தாறுமாறாகத் திருகி ஒரு இசையைச் செய்தது. 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் தட்டாக வந்தது. அதிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு தனி ரகமே பிறந்து ஐரோப்பாவை ஆட்டி வைத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே, கிட்டத்தட்ட அதே சத்தத்தை ஒரு பம்பாய்க்காரர் ராகத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார் என்றால் தலை சுற்றாதா?

பௌமன் பம்பாயில் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010இல் தன்னுடைய பாம்பே கனெக்ஷன் வெளியீடாக மறுபடி தட்டைக் கொண்டுவந்தார். பலர் நம்பவே இல்லை. யாரோ இந்தக் காலத்து ஆள் பழைய தட்டு மாதிரி ஜோடித்து ஏமாற்றுகிறான் என்றார்கள். ஏபெக்ஸ் ட்வின் என்ற இங்கிலாந்து இசைக்காரர் பெயரைக்கூட இழுத்தார்கள். இந்தியாவில் ஒருவர் 1982இல் இதைச் செய்திருக்க முடியாது என்பதில் அவ்வளவு உறுதி! அதற்கப்புறம் உலகப் பத்திரிகைகள் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்' என்று பட்டம் கட்டின. எழுபது வயது தாண்டிய சிங், ஐரோப்பாவில் மேடையேறிப் பேரப்பிள்ளை வயதுப் பையன்கள் முன்னால் ராகம் வாசித்தார்.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் சரிதானா?

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் சரியில்லை. சிகாகோ பையன்கள் சிங்கின் தட்டைக் கேட்டுவிட்டு வாசிக்கவில்லை. தான் வாசித்தது ஆசிட் ஹவுஸ் என்று சிங்குக்கும் தெரியாது. ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் என்ற போஸ்ட்-பங்க் குழுவும் அதே சமயத்தில் 303 வைத்துப் பாடி, 1983இல் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் ஹிட் ஆனது. ஒரே பெட்டியை மூன்று ஊரில் மூன்று பேர் திறந்தால் சத்தம் ஒரே ஜாடையில் வரத்தான் செய்யும். ஃப்யூச்சருக்கு அந்தத் திருகல் சத்தமே பாட்டு. சிங்குக்கு அது பக்கவாத்தியம். அவருக்குப் பாட்டு என்றால் ராகம்தான்.

'உலகத்திலேயே முதல்' என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் ராகத்தைக் கேட்பதில்லை. வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'அடேங்கப்பா' சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தலைச்சோலையில் ஒரு சாயங்காலம்

ராகமாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன சம்பவம். ஏற்காட்டு மலையில், ஏற்காடு ஏறி அங்கிருந்தும் உள்ளே போனால் தலைச்சோலை. அண்ணாமலையார் கோவில் இருக்கிற ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் காலேஜ் லீவில் வீட்டுக்குப் போயிருந்தான். டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்கும் சமயம். அவனுடைய தாய்மாமா பகலில் எஸ்டேட் வேலை, பண்டிகை நாளில் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. இருபது வருடமாக ஆடி மாதம் முழுக்க சேலம், ஓமலூர், ஆத்தூர் என்று மாரியம்மன் பண்டிகை மேடைகளில் வாசிக்கிறவர். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் விடியவிடிய வாசித்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பி வந்து வேலைக்குப் போவார்.

களத்து ஓரம் உட்கார்ந்திருந்தவரிடம் பையன் போனை நீட்டினான்.

"மாமா, ஒண்ணு போடறேன், கேளுங்க. 1982ல வந்தது."

அரை நிமிடம் கேட்டார். "என்னடா மாப்ள, தறி ஓடற மாதிரி டங்கு டங்குன்னு..."

"கொஞ்சம் பொறுங்க மாமா."

இரண்டு நிமிடத்தில் மாமாவின் விரல் சாக்கு மேலே ஓட ஆரம்பித்தது. "டேய்... இது மோகனம்டா!"

"பூபாலின்னு போட்டிருக்கு மாமா."

"வடக்க பூபாலிம்பாங்க. நமக்கு மோகனம். நம்ம பூபாளம் வேற, குழப்பிக்காத. அந்த 'க'வுல இருந்து 'ப'வுக்கு எப்படி வழுக்கிட்டுப் போறான் பாரு. கீபோர்டுலயா இது?"

அடுத்தடுத்துப் போடச் சொன்னார். மால்கௌன்ஸ் வந்தபோது "ஹிந்தோளம்" என்றார். யமன் வந்தபோது "கல்யாணி, சந்தேகமே இல்ல." பைராகி வந்தபோது கொஞ்சம் யோசித்து "ரேவதி மாதிரி இருக்கு" என்றார், அதுவும் சரி. கலாவதிக்கு வலஜி என்றார். தோடி என்று போட்டிருந்ததைக் கேட்டுவிட்டு மட்டும் "இது தோடி இல்லயே" என்று சண்டைக்கு வந்தார். ஹிந்துஸ்தானி தோடி நமக்கு சுபபந்துவராளி, நம் தோடி வேறு. லலித் வந்தபோது கையை விரித்துவிட்டார். இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும் அந்த ராகத்துக்கு நம் பக்கம் நேர் ஜோடி கிடையாது.

யோசித்துப் பார்த்தால் தமிழ்க் காதுக்கு இந்தத் தட்டு அந்நியமே இல்லை. அதே 1982இல் 'தாய் மூகாம்பிகை' படத்தில் இளையராஜா கல்யாணியில் ஒரு பக்திப் பாட்டு போட்டார். 1988இல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் மோகன வர்ணத்தையே எடுத்து நவீன தாளத்தோடு சினிமாப் பாட்டாக்கினார். ஊரே பாடியது. ராகமும் மெஷினும் சேர்ந்தால் நமக்குப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தட்டு முடிந்ததும் மாமா கேட்ட கேள்விதான் முக்கியம். சிகாகோவும் ஆசிட் ஹவுஸும் பையன் விளக்கியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

"யாருடா அந்த ஆளு?"

"பம்பாய்ல சினிமாவுக்கு வாசிச்சவர் மாமா. சரண்ஜித் சிங்."

"தட்டுல பேரு போட்டிருக்காங்களா?"

"தட்டே அவர் பேருலதான் மாமா."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மாமா வாசிக்கும் குழுவின் போஸ்டரில் குழுவின் பெயர் இருக்கும். பாடுகிறவர்கள் பெயர், டிவி புகழ் என்ற அடைமொழியோடு இருக்கும். டான்ஸ் ஆடுகிறவர் பெயர்கூட இருக்கும். கீபோர்டுக்கு இருபது வருடமாகப் பெயர் வந்ததில்லை. அவர் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை.

"உசுரோட இருக்காரா?"

"இல்ல மாமா. 2015ல இறந்துட்டாரு. 74 வயசு."

"இது நல்லா இருக்குன்னு அவருகிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"2010லதான் மாமா எல்லாருக்கும் தெரிஞ்சுது. அப்புறம் வெளிநாடெல்லாம் கூப்பிட்டு வாசிக்க வெச்சாங்க."

"அஞ்சு வருஷமாவது காதால கேட்டுட்டுப் போனாரே. அது போதும்டா."

அன்று ராத்திரி மாமா தன் பழைய கீபோர்டைத் தூசி தட்டி எடுத்து, அதில் போர்ட்டமெண்டோ எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் தேடினாராம். கண்டுபிடித்தாரா என்று பையன் சொல்லவில்லை :-)

அப்படியானால்...

சிங்கின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'மறக்கப்பட்ட மேதை' என்று முடிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? டிரான்ஸிகார்ட் சத்தம் கோடிப் பேர் காதில் விழுந்தது, வாசித்தவர் பெயர் விழவில்லை. ஆயுளில் அடுத்தவர் மெட்டுக்கே கைகொடுத்த ஒரு வாத்தியக்காரர், ஒரே ஒரு தடவை 'இது என் யோசனை' என்று பெயர் போட்டு ஒன்றைக் கொடுத்தார். அதை வாங்க அன்றைக்கு ஆள் இல்லை.

நல்லவேளை, ஒரு வெளிநாட்டுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் குனிந்து தேடினார். அந்தத் தட்டு அன்று அங்கே இல்லாமல் போயிருந்தால்? எச்.எம்.வி. போட்டதால் தட்டாவது இருந்தது. தட்டே போடாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. 1956இல் தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்த ஸ்டுடியோ. நூற்றுக்கு மேல் படம். டி.ஆர். சுந்தரம் பெயர் தெரியும், நடித்தவர்கள் பெயர் தெரியும். அங்கே உட்கார்ந்து ஃபிடிலும் கிளாரினெட்டும் வாசித்தவர்கள் யார் யார்? மலைக்குப் போகிற பஸ் எல்லாம் அந்த வளைவைக் கடந்துதான் போகிறது.

சரண்ஜித் சிங்கை இன்று கேட்பது சுலபம். இணையத்தில் தேடினால் கிடைக்கும். 'உலகத்தின் முதல்' என்பதையெல்லாம் மறந்துவிட்டு மால்கௌன்ஸில் ஆரம்பியுங்கள். முதல் நிமிடம் தறி சத்தம் மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஹிந்தோளம் தலைகாட்டியதும் தறி காணாமல் போய்விடும். அப்புறம் பூபாலி, அப்புறம் யமன். லலித்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே, அடுத்த பண்டிகையில் உங்கள் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா நடந்தால், முடிந்ததும் மேடைக்குப் பக்கவாட்டில் போய்க் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருப்பவரிடம் பெயர் கேளுங்கள். நன்றாக வாசித்திருந்தால் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.